அம்மாவின் மறதியை நாங்கள் வயதின் கணக்கில் எழுதிவிட்டோம்

அம்மாவுக்கு 68 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். அப்பா போய் ஆறேழு மாதம் கழித்துத்தான் மாற்றம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை என்றால் 15 புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர், பாதிப் புள்ளியில் நின்றுவிட்டு உள்ளே வந்துவிடுவார். கேட்டால், "எங்க விட்டேன்னு தெரியலடி" என்பார். அப்புறம் தூக்கம் போனது. பேச்சு குறைந்தது. ஒரு நாள், 20 வருடமாக வாசலுக்கு வரும் பூக்காரம்மாவைப் பார்த்து, "என் கொலுசை நீதான் எடுத்தே" என்று கத்திவிட்டார். கொலுசு பீரோவிலேயே இருந்தது.

துக்கம் என்றார்கள் உறவுக்காரர்கள். வயதாகிவிட்டது என்றேன் நான். ஒரு மனநல மருத்துவரிடம் காட்டி, மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்தோம். கொஞ்சம் தூங்கினார், அவ்வளவுதான். ஒன்றரை வருடம் இப்படியே போனது. இந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நடுவில் அம்மா ஒரு விஷயம் சொல்லிக்கொண்டே இருந்தார்: "தரையில கால் படற மாதிரியே இல்லடி, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு." சர்க்கரை நோயால் வரும் மதமதப்பு என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

காய்ச்சலுக்குப் போன இடத்தில்தான் ஒரு இளம் மருத்துவர், "நாக்கை நீட்டுங்க பாட்டி" என்றார். நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. கணுக்கால் எலும்பின் மேல் அதிரும் இசைக்கவை ஒன்றை வைத்தார். அதிர்வு அம்மாவுக்குத் தெரியவே இல்லை. பிறகு மாத்திரைகளைப் பற்றிக் கேட்காமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பால் எவ்வளவு, தயிர் உண்டா, முட்டை உண்டா என்று. அப்போதுதான் எனக்கே தெரிந்தது: அப்பா போன பிறகு அம்மா ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று ரசம் சாதமும் ஊறுகாயும்தான். சளி பிடிக்கிறது என்று தயிரை நிறுத்தியிருக்கிறார். பால் என்றால் இரண்டு வேளை காபியில் விடுவது மட்டும். நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது.

ரத்தத்தில் பி12 வைட்டமின் ஒரு மில்லிலிட்டருக்கு 112 பிகோகிராம் என்று வந்தது. பரிசோதனைத் தாளில் கீழ் வரம்பு 200.

மருத்துவர் விளக்கியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். பி12 சத்தைச் செடிகொடிகள் உண்டாக்குவதில்லை, பாக்டீரியாக்கள்தான் உண்டாக்குகின்றன. பால், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் வழியாகவே நமக்கு வருகிறது. உடம்பில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை மெத்தியோனினாக மாற்ற இது வேண்டும். அந்த மெத்தியோனினிலிருந்து உண்டாகும் ஒரு பொருளைக் கொண்டுதான் மூளை தன் வேதிப்பொருட்கள் பலவற்றைக் கையாள்கிறது. நரம்புக்கு மேலுள்ள உறை கெடாமல் இருக்கவும் பி12 வேண்டும். ஆக மூளை, கால், நாக்கு மூன்றிலும் ஒரே குறைதான் வேறு வேறு வேடத்தில் வந்திருக்கிறது.

சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. அம்மா 14 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார், அது பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையும் அப்படித்தான். உணவில் ஒட்டியிருக்கும் பி12 பிரிந்து வர வயிற்றில் அமிலம் வேண்டுமே! மூன்றும் சேர்ந்துகொண்டன.

முதல் வாரம் தினமும் 1000 மைக்ரோகிராம் ஊசி, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. மூன்றாவது வாரம் தூக்கம் திரும்பியது. இரண்டு மாதத்தில் பேச்சு. ஒரு நாள் நான் வைத்த குழம்பை வாயில் வைத்துவிட்டு, "புளியைக் கரைச்சியா, கொட்டினியா?" என்று கேட்டார். அடுப்படியில் நின்று அழுதேன். கால் மதமதப்பு முழுசாகப் போகவில்லை. அது நாள்பட்டுவிட்டது, மிச்சம் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் உணவும் மனமும் இப்படிப் பின்னிக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்:

அக்கா, நான் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவன். எனக்கும் இதே குறைதான். புண்ணுக்காக வயிற்றில் ஒரு பகுதியை எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பி12ஐக் குடலில் சேர்க்க வயிறு சுரக்கும் ஒரு புரதம் வேண்டுமாம், எனக்கு அது போதவில்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய வருடங்கள் ஆகும். அதனால் அறுவை சிகிச்சையோடு யாரும் முடிச்சுப் போடவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வரும். அந்த நிலையில் வேலையையும் எழுதிக்கொடுத்துவிட்டேன். மாத்திரை போதுமா, ஆயுள் முழுக்க ஊசியா என்று உங்கள் மருத்துவர் சொன்னாரா?

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி:

எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. என் தம்பிக்கு இருதுருவ மனநோய், அதாவது மனம் சில காலம் அளவுமீறி எழும்பும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். லித்தியம் மாத்திரையில் ஐந்து வருடம் நன்றாக இருந்தான், கடை வைத்து நடத்தினான். போன சித்திரையில் சித்தப்பா ஒருவர், ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று உப்பில்லாப் பத்தியம் சொன்னார். தம்பி எதைச் செய்தாலும் முழுசாகச் செய்வான். உப்பை அடியோடு விட்டான், அந்த வெயிலில் நடைப்பயிற்சி வேறு.

பத்து நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வாந்தி, நாக்குக் குழறல், நடை தள்ளாட்டம். குடித்திருக்கிறானோ என்று அம்மாவே சந்தேகப்பட்டார். ரத்தத்தில் லித்தியம் 1.9 இருந்தது. 1.5க்கு மேல் போனாலே நஞ்சு என்றார்கள்.

சிறுநீரகம் லித்தியத்தை உப்பிலுள்ள சோடியம் போலவே நடத்துகிறது. உப்பு குறைந்தால் சோடியத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான். சித்தப்பா மேல் கோபம் இல்லை, அவர் அன்பினால்தான் சொன்னார். ஆனால் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவரிடம் பத்தியம் சொல்வதற்கு முன்னால் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். விரதம் என்றாலும் சரி, பேதி என்றாலும் சரி, தம்பிக்கு இப்போது உடனே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறோம்.

ஒரு செவிலியர்:

மனநலப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். நாற்பது வயதுக்காரர் ஒருவரை அவர் மனைவி கூட்டிவந்தார். மூன்று வாரமாகக் குடி மட்டும், சோறு இல்லை. குடியை நிறுத்தி இரண்டு நாள் ஆகியும் உளறல் நிற்கவில்லை, கண் ஒரு இடத்தில் நிலைக்காமல் ஆடியது, கால் அகட்டி நடந்தார். செய்வினை என்று மந்திரிக்கப் போய்விட்டு வந்திருந்தார்கள்.

எங்கள் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் கொடுக்கச் சொன்னார், அதாவது பி1. மூளை குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க தயமின் வேண்டும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை மோசமாகலாம். இந்தச் சத்து உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். வெர்னிக்கி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881லேயே இந்த நோயை எழுதிவைத்திருக்கிறார்.

கண் ஆட்டம் சீக்கிரமே அடங்கியது. நினைவு திரும்பவில்லை. "இன்னிக்குக் காலையிலதான் பழனிக்குப் போயிட்டு வந்தேன் சிஸ்டர்" என்பார். பொய் இல்லை, நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக நிரப்புகிறது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் அந்த மனிதர் தன் மகளின் பள்ளிக்கூடப் பெயரை மறந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

குடிகாரர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். மசக்கையில் வாரக்கணக்கில் வாந்தி எடுத்த ஒரு பெண்ணுக்கும் இதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நம் புழுங்கல் அரிசியைப் பற்றி: நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் முழுசாகப் போகாது. வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியில் அது அதிகம் மிஞ்சாது. ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்ததைப் பார்த்துத்தான் ஐக்மேன் என்ற மருத்துவர் இந்தச் சத்தைக் கண்டறியும் பாதையைத் திறந்தார், 1929ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

முதலில் எழுதிய நான் மறுபடியும்:

மதுரைத் தம்பிக்கு: அம்மாவுக்கு இப்போது ஊசி நின்று, தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. அந்தப் புரதத்தின் துணை இல்லாமலும் நூற்றில் ஒரு பங்கு குடலில் தானாகச் சேருமாம், அதனால்தான் அவ்வளவு பெரிய அளவு. உங்களுக்கு எது சரி என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பரிசோதனை செய்யாமல் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

மனச்சோர்வு மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. மனநல மருத்துவரே ஐந்து மாதம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

எனக்கும் பார்த்தேன், 178. என் பையனுக்கும் குறைவுதான். எங்கள் இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு.

அம்மா போன மாதம் பூக்காரம்மா வீட்டுக்குத் தானே நடந்து போனார், கால் மதமதப்போடு, கோலைப் பிடித்துக்கொண்டு. என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையிலிருந்து வாசலில் பூ வருகிறது.