ஐசியுவில் பத்து நிமிடம் போதுமா?

சென்னிமலைப் பெண்:
போன மாதம் அம்மாவை நிமோனியா என்று கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் ஐசியு, அதில் ஐந்து நாள் வென்டிலேட்டர். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம்தான் பார்க்க விட்டார்கள். குழாயை எடுத்த மறுநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தறியை நிறுத்து, பாவு அறுந்து போச்சு" என்றார். எங்கள் வீட்டில் தறி நின்று பதினைந்து வருடம் ஆகிறது. அவருடைய கண்ணாடியும் காது மிஷினும் அத்தனை நாளும் என் பையிலேயே கிடந்தன. உள்ளே கொண்டு வரக் கூடாதாம். வீட்டு ஆள் ஒருவர் நாள் முழுக்க பக்கத்தில் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. பத்து நிமிட விதியை எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

ஈரோட்டு நர்ஸ்:
உங்கள் வருத்தம் புரிகிறதுங்க அக்கா. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நம்ம ஊரில் ஐசியு பார்க்க வருவது நோம்பிக்கு வருவது மாதிரி. பங்காளி, மாமன், மச்சான் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்குவார்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், குழாய் எடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத பெரியவருக்கு யாரோ கொடுமுடித் தீர்த்தத்தை வாயில் ஊற்றிவிட்டார்கள். விழுங்கும் பழக்கம் இன்னும் திரும்பவில்லை, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விட்டது. ராத்திரியே மறுபடியும் குழாய். ஆளை விட்டால் கிருமியும் சேர்ந்துதான் வரும்.

பெருந்துறை மயக்கவியல்:
நான் மயக்கவியல் பிஜி மாணவன். இதையே சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. பிரேசிலில் 36 ஐசியுக்கள், 1,685 நோயாளிகள். ஒரு முறையில் நெருங்கிய உறவினர் ஒன்றிரண்டு பேர் தினம் 12 மணி நேரம் வரை இருக்கலாம், இன்னொன்றில் வழக்கம்போல் கொஞ்ச நேரம். மனக்குழப்பம் வந்தவர்கள் முதல் முறையில் 18.9 சதவீதம், இரண்டாவதில் 20.1 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஐசியுவில் தொற்றிய நோய்களும் கூடவில்லை. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும்தான் தெளிவாகக் குறைந்தன.

அக்கா, நீங்கள் இருந்திருந்தால் குழப்பம் வந்திருக்காது என்று சொல்ல ஆதாரம் போதாது. அமெரிக்காவில் 821 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், 74 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. நோயும் மயக்க மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்யும் வேலை. உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். நர்ஸ் அக்கா, கிருமி வாதமும் அங்கே நிற்கவில்லை.

ஈரோட்டு நர்ஸ்:
அங்கே உறவினர்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்த பிறகுதானே தம்பி விட்டார்கள்? இங்கே மூன்று பேஷண்டுக்கு நான் ஒருத்தி. பாடம் யார் எடுப்பது?

திருப்பூர் பனியன்:
இதெல்லாம் சாக்குங்க. உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். வெளிநாட்டில் வென்டிலேட்டரோடேயே எழுப்பி நடக்க விடுகிறார்கள். இங்கே படுக்கப் போட்டே பில் போடுகிறார்கள்.

பெருந்துறை மயக்கவியல்:
பில் பற்றி நான் வாய் திறக்கவில்லை அண்ணா. நடக்க வைப்பதில் ஒரு விஷயம். 2009இல் 104 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சீக்கிரமே அசைய வைத்தவர்களில் 59 சதவீதம் பேர் வீடு திரும்பும்போது தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். எல்லோரும் குதித்தோம். 2022இல் 750 பேரிடம் இன்னும் தீவிரமாகச் செய்து பார்த்தார்கள். 180 நாளில் உயிரோடு ஆஸ்பத்திரிக்கு வெளியே கழித்த நாட்கள் கூடவே இல்லை. அசைக்கும்போது வந்த சிக்கல்கள் மட்டும் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 ஆக ஏறின. அசைக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, அளவு தெரிந்து செய்யணும்.

சென்னிமலைப் பெண்:
சரி தம்பி, குழப்பம் என்னால் குறைந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காது கேட்காத மனுஷிக்கு காது மிஷின் தர எந்த ஆய்வு வேண்டும்? வெளியே ஒன்பது ராத்திரி பாயில் படுத்து, கதவு திறக்கும்போதெல்லாம் யார் பெயரைக் கூப்பிடுகிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டதே, உங்கள் ஆய்வில் குறைந்த பதற்றம் அதுதானே? அது கணக்கில் வராதா?

ஈரோட்டு நர்ஸ்:
மிஷின் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரிங்க அக்கா. கண்ணாடியும் மிஷினும் பெயர் எழுதி டப்பாவில் போட்டுக் கொடுத்தால் நானே மாட்டிவிடுவேன். வேளை கெட்ட வேளையில் பத்து பேர் வேண்டாம். தினம் ஒரே ஆள், மாலையில் இரண்டு மணி நேரம், கை கழுவிவிட்டு, கேட்காமல் வாயில் எதுவும் ஊற்றாமல் இருந்தால் எனக்கு உதவிதான்.

திருப்பூர் பனியன்:
ஒரே ஆள் என்றால், அது யார் என்று முடிவு பண்ணவே எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூட்டணும்.

ஈரோட்டு நர்ஸ்:
கூட்டுங்கண்ணா. வெளியே பெஞ்சில்.