வைப்பு முகவரியா, வரவு முகவரியா?

நண்பர்களே, வணக்கம்.

பணம் செலுத்தும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிட்காயின், எதீரியம், டெதர் என்று கிரிப்டோ நாணயங்களையெல்லாம் பெற்றுக்கொள்ளும் செயலி. ஒரு வாரமாக ஒரே பொத்தானில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதை அழுத்தினால் வாடிக்கையாளருக்கென்று ஒரு பிளாக்செயின் (நாணயப் பரிமாற்றங்களைப் பதிந்துவைக்கும் பொதுப் பேரேடு) முகவரி கிடைக்கும், அந்த முகவரிக்கு யார் நாணயம் அனுப்பினாலும் அவர் கணக்கில் ஏறும், பொத்தானின் வேலை அவ்வளவுதான். எனக்கு முன்னால் யாரோ செய்துவைத்த தமிழ் இப்படி இருக்கிறது: "உங்கள் தனித்துவமான வைப்பு முகவரியை உருவாக்கவும்." ஐந்து சொல்லில் நான்கு தப்பு என்பது என் கட்சி.

முதலில் 'வைப்பு'. நிலை வைப்பு, தொடர் வைப்பு என்று வங்கியில் பழகிய சொல். கேட்டதும் வைத்துவிட்டு வருவதும் வட்டியோடு திரும்ப எடுப்பதும்தான் மனதில் ஓடும். இந்தத் திரையை என் அத்தையிடம் காட்டினேன், அவர் கேட்ட முதல் கேள்வி "வட்டி எவ்வளவுப்பா?" ஆனால் இந்த முகவரியில் பணம் தங்குவதே கிடையாது. நாணயம் வந்து, பிளாக்செயினில் போதுமான உறுதிப்படுத்தல்கள் ஆனதும், நிறுவனம் அதை வழித்தெடுத்துத் தன் பெரிய பணப்பைக்குக் கொண்டுபோய்விடும். வாடிக்கையாளர் திரையில் பார்க்கும் இருப்பு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கும் ஒரு எண் மட்டுமே. மளிகைக் கடையில் கல்லாவுக்குள் விழுந்த நோட்டு வேறு, பேரேட்டில் நம் பெயருக்கு நேரே எழுதிய தொகை வேறு, அந்தக் கதைதான். பேரேட்டில் அந்தத் தொகைக்கு என்ன பெயர்? வரவு. வங்கிக்காரர்களும் தமிழில் எழுதும்போது கணக்கில் வரவு வைத்ததாகத்தான் எழுதுகிறார்கள். ஆகவே என் பரிந்துரை: வரவு முகவரி.

'தனித்துவமான' என்பதை ஒரு பாடகியின் குரலுக்குச் சொல்லலாம். இங்கே தேவைப்படுவது ஆளுக்கொன்று, ஒருவருடையது இன்னொருவருக்கு வராது என்கிற பொருள் மட்டும். அதற்குத் 'தனி' போதும், பொத்தானில் அதுகூட வேண்டாம், கீழே விளக்கத்தில் வந்தால் சரி. ஏன் ஆளுக்கொன்று என்றால், வங்கி மாற்றத்தில் வருவதுபோலப் பிட்காயினில் அனுப்பியவர் பெயர் வராது. நூறு பேர் ஒரே முகவரிக்கு அனுப்பினால் எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. சில நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு ஆளுக்கொரு மெய்நிகர் கணக்கு எண் கொடுத்துப் பணம் கட்டச் சொல்கின்றனவே, அதே ஏற்பாடு. மறைவும் ஒரு காரணம்: 2008-இல் வந்த பிட்காயின் கட்டுரையே, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதுத் திறவி இணை (செலவழிக்க உதவும் இரகசியத் தனித்திறவி ஒன்று, வெளியே காட்டக்கூடிய பொதுத்திறவி ஒன்று) வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எல்லாம் ஒருவருடையதே என்று கோத்துப் பார்த்துவிடுவார்கள் என்கிறது.

'உருவாக்கவும்' என்பதில்தான் எனக்குப் பெரிய சண்டை. யாரும் எதையும் உருவாக்குவதில்லை. 2012-இல் பிஐபி-32 என்ற பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு வந்தது. ஒரே ஒரு வித்து, அதாவது ஒரு பெரிய இரகசிய எண், இருந்தால் போதும், அதிலிருந்து ஒரு தாய்த்திறவி, தாயிலிருந்து 0, 1, 2, 3 என்று வரிசையாகச் சேய்த்திறவிகள், இப்படி ஒரு மரமே கிளைக்கும். (வித்து, தாய், சேய் என்பவை நான் வைத்திருக்கும் சொற்கள், இவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) வாடிக்கையாளர் 4,512-ஆவது ஆள் என்றால் 4,512-ஆவது சேயின் பொதுத்திறவியை எடுத்து, பிட்காயினின் பழைய வகை முகவரி என்றால் ஷா-256, ரைப்எம்டி-160 என்ற இரண்டு சுருக்கக் கணக்குகளிலும் அரைத்து 160 பிட்டாகச் சுருக்கினால் முகவரி வந்துவிடும். எதீரியத்தில் கெச்சக்-256-இல் அரைத்துக் கடைசி 20 பைட்டை எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்குக் கணக்கிட்டாலும் பத்து வருடம் கழித்துக் கணக்கிட்டாலும் அதே விடைதான், ஏனென்றால் அது வித்துக்குள்ளேயே இருந்தது. யாரிடமும் பதிவதில்லை, கட்டணமில்லை, முதல் நாணயம் வந்து சேரும்வரை அப்படியொரு முகவரி இருப்பது பிளாக்செயினுக்கே தெரியாது. ஒரு தாய்க்குச் சாதாரண முறையில் 2,147,483,648 பிள்ளைகள், அதாவது கிட்டத்தட்ட 215 கோடி. காந்தாரிகூட நூற்றொன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

இதில் அழகு என்னவென்றால், தாயின் பொதுத்திறவியை மட்டும் சர்வரில் வைத்துக்கொண்டே இத்தனை முகவரிகளையும் கொடுத்துக்கொண்டிருக்கலாம், செலவழிக்கும் தனித்திறவி எங்கோ பூட்டிக் கிடக்கட்டும். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. தாயின் பொதுத்திறவியை வைத்திருக்கும் ஒருவன் கையில் ஒரே ஒரு சேயின் தனித்திறவி சிக்கினாலும் தாயின் தனித்திறவியைக் கணக்குப்போட்டு எடுத்துவிடுவான், அப்புறம் எல்லாப் பிள்ளையும் போச்சு. தாய், சேய் என்று பெயர் வைத்தால் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு இது சட்டென்று பிடிபடும், 'நீட்டிக்கப்பட்ட பொதுத்திறவி' என்று எழுதினால் பிடிபடாது.

கடைசியாக 'உங்கள்'. அந்த முகவரி வாடிக்கையாளருடையது அல்ல. திறவி நிறுவனத்திடம் இருக்கிறது, நிறுவனம் கணக்கை மூடினால் முகவரி அவர் கையில் சும்மா ஒரு எழுத்துச் சரம். 'உங்கள் முகவரி' என்று போட்டால் அதை டைரியில் எழுதிவைத்து இரண்டு வருடம் கழித்தும் அனுப்புவார்கள். 'உங்களுக்கான' என்றால் கொஞ்சம் நேர்மையாக இருக்கும். நான்காம் வேற்றுமைக்கு இப்படியும் ஒரு வேலை வருமென்று இலக்கணம் படிக்கும்போது நினைக்கவில்லை.

ஆக: பொத்தானில் "வரவு முகவரி பெறுக", கீழே சிறிய எழுத்தில் "இது உங்களுக்கான தனி வரவு முகவரி". அடித்துத் துவையுங்கள்.

*

மறுமொழி எழுதிய எல்லோருக்கும் நன்றி. மொத்தமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

> உண்டியல் என்று வைத்தால் என்ன? யார் வேண்டுமானாலும் போடலாம், சாவி உள்ளவர்தான் திறக்கலாம். முகவரி என்பதைவிட இது உண்மைக்கு நெருக்கம்.

படித்ததும் விழுந்துவிட்டேன். இவ்வளவு பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. கோயிலில் உண்டியல் திறந்து எண்ணுவதுபோல நிறுவனம் அவ்வப்போது வழித்தெடுப்பதற்கும் சொல் தயாராகக் கிடைத்துவிடும். ஒரு இரவு முழுக்க இதையே முடிவாக வைத்திருந்தேன், காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து இது வந்தது:

> அண்ணை, எங்கட பக்கம் உண்டியல் எண்டால் வெளிநாட்டுக் காசை வங்கிக்குத் தெரியாமல் அனுப்புறது. கிரிப்டோ செயலியில அந்தச் சொல்லைப் போட்டியள் எண்டால் மத்திய வங்கிதான் முதல் ஆளா வந்து நிக்கும்.

சரி, உண்டியலை மூடியாயிற்று.

> விலாசம் நல்ல சொல். செட்டிநாட்டில் கொடுக்கல் வாங்கலுக்கு வைத்திருந்த பெயரே விலாசம்தான்.

தெரியாதவர்களுக்காக: நகரத்தார் வட்டித்தொழிலில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் அல்ல. தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த நிறுவன அடையாளம், பர்மாவிலும் மலாயாவிலும் அந்த எழுத்துகளை நம்பித்தான் பணம் கைமாறியது. பிளாக்செயின் முகவரியும் இடத்தைக் குறிப்பதில்லை, ஒரு திறவியின் கைரேகை மாதிரி, அதனால் இந்தப் பொருத்தம் மேலோட்டமானது அல்ல. ஆனால் ஒரு சிக்கல். விலாசம் நிறுவனத்துக்கு ஒன்று, ஊரெல்லாம் அதற்கே அனுப்பும். நமக்கு வேண்டியது நேர் எதிர், ஒரே நிறுவனத்துக்கு ஆளுக்கொன்றாக லட்சக்கணக்கில்.

இதை எழுதும்போதுதான் ரிப்பிள் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் பற்றி ஒருவர் கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. ரிப்பிள் பேரேட்டில் ஒவ்வொரு முகவரியையும் உயிரோடு வைத்திருக்கக் கொஞ்சம் நாணயத்தை அதிலேயே ஒதுக்கிப் பூட்டவேண்டும், ஆளுக்கொன்று கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் எல்லோருக்கும் ஒரே முகவரி கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரைப் பிரித்தறிய 32 பிட் எண் ஒன்றைக் கூடவே எழுதச் சொல்கிறார்கள். அடுக்குமாடிக்கு ஒரே கதவு எண், உள்ளே வீட்டு எண் தனி என்பதுபோல. எழுத மறந்தால் பணம் கட்டடத்தின் வாசலில் நிற்கும், யார் வீட்டுக்கென்று காவலாளிக்குத் தெரியாது. அங்கே 'விலாசம்' கச்சிதமாக உட்காரும்! ஒரு விலாசம், ஆளுக்கொரு குறியெண். ஒரே செயலியில் ஒரு திரையில் முகவரி, இன்னொன்றில் விலாசம் என்று இருந்தால் குழப்பமா, தெளிவா என்று தெரியவில்லை. எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. இப்போதைக்கு 'குறியெண்' மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

> முகவரி என்று போட்டால் வீட்டு முகவரியை எழுதமாட்டார்களா?

எழுதினார்கள். சோதனையில் ஒருவர் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தட்டிவிட்டு ஏன் சிவப்பாகிறது என்று கேட்டார். இருந்தாலும் மின்னஞ்சல் முகவரி, இணைய முகவரி என்று வந்துவிட்ட பிறகு 'முகவரி' அகலமான சொல்லாகிவிட்டது, முன்னால் 'வரவு' இருந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். அந்தச் சரத்தைக் கையால் எழுதாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள் என்று திரையில் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். பிட்காயினின் பழைய வகை முகவரிகளில் சுழியும் பெரிய ஓ எழுத்தும், பெரிய ஐ எழுத்தும் சிறிய எல் எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் நான்கையுமே விலக்கிவிட்டு 58 குறிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். க-வுக்கும் ௧-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத எழுத்தை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது புரியாமல் போகாது.

> பயன்படாத முகவரிகள் நிறைய இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

வேண்டும், பட்ட அனுபவம் இருக்கிறது. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் சர்வர் கெட்டுப்போய், வித்திலிருந்து எல்லாவற்றையும் சாதாரணப் பணப்பை மென்பொருள் ஒன்றில் மீட்டார்கள். மீட்டால் பாதிப் பணத்தைக் காணோம்! யாருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விஷயம் என்னவென்றால் 2014-இன் பிஐபி-44 முறைப்படி, தொடர்ந்து 20 முகவரிகள் வெறுமையாக இருந்தால் மென்பொருள் அதற்குமேல் தேடாது. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு பைசா அனுப்பாத வாடிக்கையாளர்கள் எங்களிடம் வரிசையாக முப்பது நாற்பது பேர் இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்த பணம் எல்லாம் கண்ணில் படவில்லை. வரம்பை ஆயிரமாக்கித் திரும்பத் தேடியதும் வந்துவிட்டது. அந்த வரம்புக்கு 'வெற்றிட வரம்பு' என்று எழுதியிருக்கிறேன். 'இடைவெளி வரம்பு' என்று இருவர் சொன்னீர்கள், எதுவானாலும் எனக்குச் சம்மதம், வாடிக்கையாளர் கண்ணில் படப்போவதில்லை.

வழித்தெடுப்பதற்கு வந்தவற்றில் 'பெருக்கல்' என்பதை அனுப்பியவர் விளையாட்டுக்குத்தான் அனுப்பினார் என்று எடுத்துக்கொள்கிறேன், பணம் பெருகுமென்று வாடிக்கையாளர் நம்பிவிடுவார். 'திரட்டல்' வைத்துக்கொண்டேன். "வரவுகள் திரட்டப்பட்டன" என்று கணக்கறிக்கையில் வந்தால் படிக்கவும் நன்றாக இருக்கிறது.

திரட்டலில்தான் இன்னொரு சொல் பாக்கி. எதீரியத்தில் ஒருவரின் வரவு முகவரிக்கு டெதர் மட்டும் வந்திருந்தால் வழக்கமான முறையில் அதை அங்கிருந்து நகர்த்த முடியாது, முதலில் எதீரியத்தின் சொந்த நாணயமான ஈதரைக் கொஞ்சம் அதே முகவரிக்கு அனுப்பி, அதிலிருந்து பரிமாற்றக் கட்டணம் கட்டவேண்டும். ஆங்கிலத்தில் அந்தக் கட்டணத்துக்கு 'கேஸ்' என்று பெயர், பழைய கோப்பில் 'எரிவாயுக் கட்டணம்' என்று இருக்கிறது. அத்தையிடம் காட்டவே பயமாக இருக்கிறது, சிலிண்டர் எப்போது வரும் என்பார். 'வண்டிச்சத்தம்' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, சரக்கை ஏற்றிப்போகக் கொடுக்கும் கூலி, பொருள் அப்படியே பொருந்துகிறது, ஆனால் பொத்தானில் இடமில்லாமல் 'சத்தம்' என்று சுருக்கினால் ஒலியைக் குறைக்கும் பொத்தான் என்று நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாகவேண்டும், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.