ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தால் கோபி நிலத்தில் எனக்குப் பாகம் இல்லையா?

வாய்க்கால்மேடு:
அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். இப்போது நிரந்தரக் குடியிருப்பு விசாவில் மெல்போர்னில் இருக்கிறேன். குடியுரிமை உறுதிமொழிக்கு அடுத்த மாதம் வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அப்பா சென்ற ஆண்டு தவறிவிட்டார், உயில் எழுதவில்லை. நிலம் அவர் தன் சம்பாத்தியத்தில் கிரயம் பெற்றது. அம்மா, அண்ணன், நான் ஆகிய மூவரும் வாரிசுகள்.

அண்ணன் சொல்வது இது: வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே விவசாய நிலம் வைத்திருக்க முடியாதாம். உறுதிமொழி எடுத்துவிட்டால் என் பாகம் அரசாங்கச் சிக்கலில் மாட்டிக்கொள்ளுமாம். அதனால் முன்கூட்டியே என் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுத்தரிடம் தயார் செய்த பத்திரம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கூடவே பொது அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) ஒன்றும் வந்திருக்கிறது. இதில் எது சட்டம், எது அண்ணனின் விருப்பம்?

மஞ்சள்மண்டி:
அண்ணன் சொல்வதில் தவறில்லை அம்மிணி. வெளிநாட்டில் இருப்பவர்கள் தோட்டம் துரவு வாங்கக் கூடாது என்பது ஈரோட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பங்காளி வீட்டுப் பையன் அமெரிக்காவிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் நிலம் பார்த்தான். ஆடிட்டரே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களைப் படிக்கவைத்து, நகை போட்டுக் கட்டிக்கொடுத்து, எழுதிங்கள் சீர் வரைக்கும் செய்தது பிறந்த வீடு. நடவுக்கு ஆள் கிடைக்காத காலத்தில் சேற்றில் நிற்பவர் அண்ணன். நாளைக்கு வேறொரு நாட்டுக் கொடிக்கு முன்னால் உறுதிமொழி எடுக்கப்போகிறவருக்கு இங்கே வரப்பு எதற்கு?

நொய்யல்:
திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். மஞ்சள்மண்டி ஐயாவிடம் ஒரே கேள்வி. அண்ணன் மெல்போர்னில் இருந்து, தங்கை கோபியில் நாற்று நட்டிருந்தால், அண்ணனிடம் விடுதலைப் பத்திரம் கேட்டிருப்பீர்களா? எங்கள் ஊரில் வெளிநாடு போன ஆண்பிள்ளைக்குப் பாகம் பத்திரமாக இருக்கிறது. பெண் போனால்தான் எல்லோருக்கும் திடீரென்று அந்நியச் செலாவணிச் சட்டம் நினைவுக்கு வருகிறது.

கோர்ட்டுவீதி:
கோபியில் வழக்கறிஞர் தொழில் செய்கிறேன். நிலம் வாங்குவதும் நிலம் வாரிசாக வந்து சேர்வதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. மஞ்சள்மண்டி அண்ணன் சொன்ன அமெரிக்கப் பையனுக்கு வாங்கத்தான் தடை. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப்பயிர் எஸ்டேட் மூன்றையும் வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைக்காரரும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதற்கு அந்தத் தடை இல்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999, பிரிவு 6(5) இதைத் தெளிவாகச் சொல்கிறது: இந்தியாவில் குடியிருந்தவரிடமிருந்து வாரிசாக வந்த அசையாச் சொத்தை வெளிநாட்டில் குடியிருப்பவர் வைத்திருக்கலாம், கைமாற்றவும் செய்யலாம். அந்தப் பிரிவு பாஸ்போர்ட்டின் நிறத்தைக் கேட்கவில்லை.

அப்பாவின் கிரய நிலம், உயிலும் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் சமபாகம். அப்பா இறந்த நிமிடமே உங்கள் மூன்றில் ஒரு பாகம் உங்களுடையதாகிவிட்டது. அடுத்த மாத உறுதிமொழி அதைப் பின்னோக்கிப் போய்த் தொடாது. பூர்வீக நிலமாக இருந்தால் கணக்கு வேறு. அங்கும் மகளை ஒதுக்க முடியாது: தமிழ்நாட்டுத் திருத்தம் 1989, மத்தியத் திருத்தம் 2005, உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பு 2020 மூன்றும் அவள் பக்கம்தான் நிற்கின்றன.

தாராபுரத்தான்:
சிங்கப்பூரில் இருக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட்டுடன். கோர்ட்டுவீதி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் குடியுரிமை எடுப்பதால் நிலத்துக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டம் பிரிவு 9-இன்படி, நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். நான் நாளை ஊருக்கே திரும்பி நிரந்தரமாகக் குடியிருந்தால், அமராவதிக் கரையில் இன்னும் இரண்டு ஏக்கர் தாராளமாக வாங்குவேன். ஓசிஐ அட்டைக்காரர் திரும்பி வந்தால்? அந்த அட்டைக்கான அறிவிக்கையிலேயே விவசாய நிலமும் பண்ணை வீடும் விலக்கப்பட்டிருக்கின்றன. நிரந்தரக் குடியிருப்பு கையில் இருக்கும்போது எதற்காக அவசரப்பட்டு எல்லாவற்றையும் கைவிட வேண்டும்?

நொய்யல்:
அவசரம் என்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் சட்டப்படி நான்கு ஆண்டு தங்கி, கடைசி ஓராண்டாவது நிரந்தரக் குடியிருப்பில் கழித்த பிறகுதான் விண்ணப்பமே போட முடியும். நிரந்தரக் குடியிருப்பு விசாவில் வெளியே போய் வரும் அனுமதி பொதுவாக ஐந்து ஆண்டுதான். அதற்குப் பிறகு ஊருக்கு வந்து திரும்புவதற்கு மறுவருகை விசா கேட்டு நிற்க வேண்டும். வயதான அம்மாவை ஊரில் வைத்திருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா? நிலம் வாங்கும் ஆசை உங்களுக்கு இருக்கிறது, அவர் கேட்பது இருக்கும் பாகத்தை.

மஞ்சள்மண்டி:
வழக்கறிஞர் தம்பி பிரிவு எண்ணெல்லாம் சொல்கிறார், சரி. பாகம் இருக்கட்டும். மெல்போர்னில் இருந்துகொண்டு அதை என்ன செய்வார்? அம்மா மனம் வைத்துத் தன் பாகத்தையும் மகளுக்கு எழுதிவைத்தால் அதுவும் தரிசாகக் கிடக்கும். விற்கலாம் என்றால் விற்ற பணத்தை அங்கே கொண்டுபோக முடியுமா? இப்படி நாலு பக்கமும் பூட்டிக் கிடக்கிற சொத்துக்காக அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்றுபோக வேண்டுமா?

கோர்ட்டுவீதி:
அண்ணா, எல்லாக் கதவும் பூட்டவில்லை. சில பூட்டியிருப்பது உண்மை, அவற்றை வாய்க்கால்மேடு தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா தன் பாகத்தை உயிருடன் இருக்கும்போதே தானசெட்டில்மெண்ட்டாக மகளுக்கு எழுதக் கூடாது. உறவினர் கொடுக்கும் தானமாக வீடு, மனை வாங்கிக்கொள்ளலாம். விவசாய நிலம் கூடாது. மீறினால் சொத்து மதிப்பைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதையே உயிலாக எழுதினால் தடை இல்லை, ஏனென்றால் அது வாரிசு வழி. அண்ணன் மனம் மாறி உங்களுக்குக் கிரயம் கொடுக்க வந்தாலும் வாங்க முடியாது. இதெல்லாம் உறுதிமொழிக்குப் பிறகு வரும் தடைகள் அல்ல. வெளிநாட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதாலேயே இன்றைக்கும் இருப்பவை. அதனால்தான் அண்ணன் வைத்த கெடு எனக்கு உறுத்துகிறது.

விற்பனை: இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கலாம். அண்ணன் அந்தத் தகுதி உள்ளவர்தான். தாராபுரத்தான் ஆசைப்பட்டாலும் இப்போதைக்கு அவருக்கு விற்க முடியாது. பணம் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) விழும். வரி முடித்து, ஆடிட்டர் சான்றுடன், நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். கோபி நகராட்சி எல்லைக்கு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரியே இருக்காது. உள்ளே இருந்தால் உண்டு. தூரத்தை வானவழியாக அளப்பார்கள், சாலை வழியாக அல்ல. இதில் ஏமாந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

அந்தப் பொது அதிகாரப் பத்திரத்தைத் தொடவே வேண்டாம். விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள்; பெரும்பாலும் இருக்கும். பட்டா மாற்றத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும், அந்த வேலைக்கு மட்டுமான தனி அதிகாரப் பத்திரமே போதும். மெல்போர்னில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

தாராபுரத்தான்:
ஒரு நடைமுறை விஷயம். உறுதிமொழிக்குப் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அந்தச் சான்று வைத்துத்தான் ஓசிஐ கேட்க முடியும். அட்டை கைக்கு வரும்வரை விசா இல்லாமல் ஊருக்கு வர முடியாது. நிலத்துக்காக நேரில் வரும் எண்ணம் இருந்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமை வேண்டாம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

வாய்க்கால்மேடு:
கோர்ட்டுவீதி அண்ணா, அதிகாரப் பத்திரத்தைப் படித்தேன். "விற்கவும், அடமானம் வைக்கவும், அட்வான்ஸ் பெறவும்" என்று மூன்றும் இருக்கின்றன. அம்மாவிடம் கேட்டேன். இப்படி ஒரு பத்திரம் தயாரானதே அவருக்குத் தெரியாது. பட்டாவை அண்ணன் தன் பெயருக்கு மட்டும் மாற்ற மனுக் கொடுத்திருக்கிறார் என்று நங்கை (அண்ணி) வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

கோர்ட்டுவீதி:
பட்டா மாறினால் உரிமை மாறிவிடாது, கலங்க வேண்டாம். ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. வட்டாட்சியருக்கு ஆட்சேபணை மனு அனுப்புங்கள், மூன்று வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பாருங்கள், மெல்போர்னில் இருந்தே பார்க்கலாம். விடுதலைப் பத்திரம் ஒருமுறை பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்ய நீதிமன்றப் படி ஏற வேண்டும், அதற்கும் மூன்றாண்டுக் கெடு உண்டு.

மஞ்சள்மண்டி:
அம்மாவுக்குத் தெரியாமல் பத்திரம் தயார் செய்தது முறையல்ல, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் என் வாதம் நிற்கிறது. அப்பா வாங்கிய கூட்டுறவுச் சங்கக் கடன், போர்வெல் போட்ட செலவு, மோட்டார் எரிந்துபோனால் மாற்றுவது எல்லாம் இத்தனை நாள் யார் தலையில் இருந்தது? பாகம் கேட்பவர் அதையும் பாகமாக ஏற்க வேண்டும். அண்ணனே பாகத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றால், நியாயமான விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

நொய்யல்:
இதைத்தான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம் ஐயா. வெளிநாட்டுக் கொடிக்கும் போர்வெல்லுக்கும் என்ன சம்பந்தம்?

வாய்க்கால்மேடு:
ஐயா, கடனில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சங்கத்தின் நிலுவைச் சான்றும் போர்வெல் ரசீதும் அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு இன்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், அம்மாவுக்கும் நகல் அனுப்பிவிட்டேன். விலை பேச அவர் தயாராக இருந்தால் நானும் தயார். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவதில்லை. உறுதிமொழித் தேதியையும் தள்ளிவைக்கப்போவதில்லை.