தமிழ் வேதத்தில் இருக்கிற வசனம் மலையாள வேதத்தில் இல்லை. எந்த வேதத்துக்கு அதிகாரம்?

பாறசாலை_வாசகன்:

ஸ்தோத்திரம். களியக்காவிளை, பாறசாலை சுற்றுவட்டாரத்தில் வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் பாதிப்பேர் கையில் தமிழ் வேதாகமம், மீதிப்பேர் கையில் மலையாளச் சத்தியவேதபுஸ்தகம். இந்த வாரப் பகுதி 1 யோவான் 5. தமிழில் 7ஆம் வசனம்: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." மலையாளத்தில் அதே 7ஆம் எண்ணில் ஆவியானவர் சத்தியம், அவர் சாட்சி சொல்கிறார் என்று மட்டும்தான் இருக்கிறது. பிதாவும் இல்லை, வார்த்தையும் இல்லை.

"மலையாளக்காரர்கள் வெட்டிவிட்டார்கள்" என்று ஒரு கட்சி, "தமிழ்க்காரர்கள் சேர்த்துவிட்டார்கள்" என்று இன்னொரு கட்சி. என் கேள்வி அதற்கும் அடியில் இருக்கிறது. வேதத்துக்குத்தான் கடைசி அதிகாரம் என்று சொல்கிறோம். இரண்டு வேதம் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த அதிகாரம் எதில் இருக்கிறது? பொத்தாம்பொதுவாக வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள்.

ஏட்டுக்கட்டு:

முதலில் வசன எண்ணைச் சரிபாருங்கள். மலையாளத்தில் 7ஆக இருப்பது தமிழில் காணாமல் போகவில்லை. தமிழ் 6ஆம் வசனத்தின் வாலைப் பாருங்கள்: "ஆவியானவர் சத்தியமாகையால், ஆவியானவரே சாட்சிகொடுக்கிறவர்." இந்தத் துண்டைத்தான் மலையாளத்தில் பிரித்து 7 என்று எண் போட்டிருக்கிறார்கள். 1881இல் வந்த ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பும் இதையேதான் செய்தது. எண் தாவினால் வாசகர் திகைப்பார் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆக, விடுபட்டது "பரலோகத்திலே" என்று தொடங்கும் வாக்கியமும், 8இல் உள்ள "பூலோகத்திலே" என்ற சொல்லும் மட்டும்தான். ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்று சாட்சி இரண்டு மொழியிலும் அப்படியே இருக்கிறது. எண்ணுக்கே கூடத் தனி அதிகாரம் கிடையாது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டது எஸ்தியென் என்ற அச்சுக்காரர், 1551இல்.

இனி அந்த வாக்கியம். கிரேக்க வேதத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான 4ஆம் நூற்றாண்டின் சீனாய் ஏட்டிலும் இல்லை, வத்திக்கான் ஏட்டிலும் இல்லை. கிரேக்கத்தில் இது காணப்படும் கையெழுத்துப் பிரதிகள் மிகச் சில, எல்லாம் பிற்காலத்தவை. அவற்றிலும் சிலவற்றில் ஓரத்தில் பின்னால் எழுதிச் சேர்த்ததாகத்தான் இருக்கிறது. லத்தீனில் மட்டும் பழமை உண்டு. 4ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பிரிசில்லியன் இதை எடுத்தாள்கிறார். ஆவி, ஜலம், இரத்தம் என்பதற்குத் திரித்துவ (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்ற) விளக்கமாக யாரோ ஓரத்தில் எழுதியது பிறகு பிரதி எடுப்பவர் கையால் உள்ளே நுழைந்தது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. 325 நிக்கேயா சங்கத்துக்குப் பிறகு, குமாரன் பிதாவுக்குச் சமம் அல்ல என்ற ஆரியவாதிகளோடு (ஆரியஸ் என்பவரின் வழியினர்) தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய கிரேக்கப் பிதாக்கள் ஒருவர்கூட இந்த வசனத்தை எடுக்கவில்லை. கையில் இவ்வளவு கூர்மையான வாள் இருந்தும் உறையிலேயே வைத்திருப்பார்களா?

அச்சுக்கு வந்த வழி இது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் இதைப் போடவில்லை. கண்டனம் கிளம்பியது. இதைக் கொண்ட ஒரு கிரேக்கப் பிரதி காட்டப்பட்டது. இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் அது 16ஆம் நூற்றாண்டுப் பிரதி. 1522 மூன்றாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். ("ஒரு பிரதி காட்டினால் சேர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தார்" என்று சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை, பிரசங்கத்தில் சொல்லாதீர்கள்.) அந்த வழியில் வந்த அச்சு மூலத்தை ஒட்டியதுதான் பவர் ஐயர் குழுவின் 1871 தமிழ் மொழிபெயர்ப்பு, இன்று நம் வீடுகளில் இருக்கும் வேதாகமத்தின் தாய். சத்தியவேதபுஸ்தகம் 1910இல் வந்தது. அதற்குள் பழைய ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்திய கிரேக்கப் பதிப்புகள் பரவிவிட்டன. தமிழர் சேர்க்கவும் இல்லை, மலையாளிகள் வெட்டவும் இல்லை. இரு குழுவும் தங்கள் மேசையில் இருந்த மூலத்துக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

குழித்துறை_வாவுபலி:

அண்ணாச்சி, விளக்கமெல்லாம் சரி. ஆனால் சபையில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "ஒரு வசனம் இப்படி என்றால் மற்றதை எப்படி நம்புவது?" திரித்துவத்தை ஏற்காதவர்கள் வாசலில் வந்து நின்று இந்த ஒரே வசனத்தைக் காட்டி முழு உபதேசத்தையும் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். உபதேசியாருக்கே பதில் தடுமாறுகிறது.

ஏட்டுக்கட்டு:

தடுமாறக் காரணம், உபதேசத்தை அந்த ஒற்றைத் தூணில் நிறுத்தியிருப்பதுதான். அதை உருவிவிட்டுப் பாருங்கள். மத்தேயு 28:19 இருக்கிறது, 2 கொரிந்தியரின் கடைசி வசனம் இருக்கிறது, இயேசுவின் ஞானஸ்நானக் காட்சி இருக்கிறது. வாசலில் வந்தவரிடம் "அந்த வசனத்தை நாங்களும் ஆதாரமாக எடுக்கவில்லை, இவற்றைப் பேசுவோம்" என்றால் அவருடைய பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மறுத்து வாதாடினால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

"மற்றதை எப்படி நம்புவது" என்பதற்கு அளவு சொல்ல வேண்டும். புதிய ஏற்பாட்டில் பல வசன நீளத்துக்குச் சர்ச்சையில் உள்ள பகுதிகள் இரண்டுதான்: மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை. மீதியில் பெரும்பாலும் எழுத்து வேறுபாடு, சொல் முன்பின், சில இடங்களில் ஒரு வாக்கியம். பிரதிகள் நிறைய இருப்பதால்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே பிரதி இருந்திருந்தால் தப்பு இருந்தாலும் தெரிந்திருக்காது.

தமிழ்மலையாளம்:

"அதிகாரம் எதில்" என்ற கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

2 தீமோத்தேயு 3:16ஐ இரண்டு மொழியிலும் பக்கத்தில் வையுங்கள். தமிழ்: "வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது." மலையாளம் "தெய்வசுவாசீயம்" என்கிறது, அதாவது தேவனுடைய சுவாசத்தால் வந்தது. கிரேக்கச் சொல்லுக்கு இதுதான் ஒட்டிய வடிவம். அந்தச் சொல் எழுதப்பட்ட வாக்கியத்தைப் பற்றியது. மொழிபெயர்ப்பாளரைப் பற்றியதும் அல்ல, அச்சகத்தைப் பற்றியதும் அல்ல. அடுத்த வரியையும் விடாதீர்கள்: உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியைப் படிப்பித்தல். அதிகாரம் இந்த நான்கு வேலையில் தெரிய வேண்டும். பிறரைக் கடிந்துகொள்ள மட்டும் வசனம் தேடுகிற வழக்கம் நம் பக்கம் அதிகம், சீர்திருத்தலுக்கு அவ்வளவாக யாரும் புரட்டுவதில்லை.

எபிரெயர் 4:12இலும் இப்படி ஒன்று உண்டு. தமிழில் வார்த்தைக்கு "ஜீவனும் வல்லமையும்", மலையாளத்தில் "ஜீவனும் சைதன்யமும்". மூலச் சொல்லுக்குச் செயல்படுகிறது என்று பொருள். தமிழ் மட்டும் வாசிப்பவர் வல்லமை என்றதும் பேயோட்டுவது, சுகமளிப்பது என்று போய்விடுகிறார். வசனமோ இருதயத்தின் நினைவுகளையும் யோசனைகளையும் வகையறுப்பதைப் பற்றிப் பேசுகிறது. வார்த்தையை அங்கே பட்டயத்தோடு ஒப்பிடுகிறார்கள்; அந்தப் பட்டயம் முதலில் திரும்புவது வாசிக்கிறவர் பக்கம்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) 1947இல் உருவானபோது ஏற்ற அமைப்பு விதியும் இதற்கு உதவும்: வேதாகமம் இரட்சிப்புக்கு வேண்டிய அனைத்தையும் கொண்டது, விசுவாசத்துக்கு உன்னதமும் தீர்மானமுமான அளவுகோல். எந்த ஒரு மொழிபெயர்ப்பின் பேரும் அதில் இல்லை. கத்தோலிக்கர் வேதத்தோடு திருச்சபை மரபையும் சேர்த்து வைப்பார்கள், அவர்களுடைய நூல்கள் 73, நம்முடையது 66. அது வேறு விவாதம், கூட்டத்தில் இழுக்க வேண்டாம்.

அதிகாரத்தைக் கெடுக்கும் பெரிய கேடு பாடபேதம் (பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது) இல்லை, இடம் பார்க்காமல் பிடுங்குவதுதான். ஜனவரி 1 வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வரும். முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருப்பதை யாரும் அட்டையில் போடுவதில்லை. மத்தேயு 4:6இல் பிசாசும் சங்கீதம் 91ஐத்தான் எடுத்தான். சொல்லில் பிழை இல்லை, பயன்படுத்தியதில்தான் பிழை. இயேசு வசனத்தை மறுக்கவில்லை. உபாகமம் 6:16ஐ அதன் பக்கத்தில் வைத்து, வசனத்தை வசனத்தால் அளந்தார்.

பாறசாலை_வாசகன்:

எண் விஷயம் உண்மையிலேயே யாருக்கும் தெரியாதது, நன்றி. இருமொழிக் கூட்டத்தில் எப்படி வாசிப்பது என்று நடைமுறையாக யாராவது சொல்லுங்களேன். ஒரு வசனம் தமிழ், ஒரு வசனம் மலையாளம் என்று மாற்றி மாற்றி வாசிக்கிறோம்.

தமிழ்மலையாளம்:

அந்த முறையை இன்றே விடுங்கள். வசனத்துக்கு வசனம் மாற்றினால் வாக்கியம் நடுவில் முறியும், எண் மாறும் இடங்களில் ஒரு பகுதி இருமுறை வரும் அல்லது விடுபடும். 1 யோவான் 5:6ஐத் தமிழிலும் 7ஐ மலையாளத்திலும் வாசித்தால் ஆவியானவர் சத்தியம் என்பது இருமுறை வரும், பிதா, வார்த்தை என்பது வரவே வராது. பகுதி முழுவதையும் ஒருவர் தமிழில் வாசிக்கட்டும், பிறகு இன்னொருவர் மலையாளத்தில் முழுவதும். எட்டு, பத்து வசனத்துக்கு மேல் எடுக்காதீர்கள். வாசிக்கும்போது கேட்பவர் தன் மொழிப் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடரட்டும், வேறுபாடு தட்டுப்பட்டால் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த இடத்துக்கு மட்டும் மூன்றாவது மொழிபெயர்ப்பைத் திறக்கவும். 1995 பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஒரு பிரதி வீட்டில் இருந்தால் போதும்.

ஒரே ஒலி, வேறு பொருள் உள்ள சொற்களில் கவனம். மலையாளத்தில் கலாத்தியர் 6:10 "அவசரம் கிட்டும்போலெ" நன்மை செய்யச் சொல்கிறது. தமிழ்க் காதுக்கு அவசர அவசரமாகச் செய் என்று கேட்கும். அங்கே அவசரம் என்றால் வாய்ப்பு, தமிழ் வேதம் "கிடைக்கும் சமயத்துக்குத்தக்கதாக" என்கிறது. இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. மத்தேயு 28:19இன் "சகல ஜாதிகளையும்" இரண்டு மொழியிலும் இன்றைய காதுக்குச் சாதி என்று விழுகிறது. மூலத்தில் அது இனங்கள், தேசத்தார். பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் வாசிப்பவர் இதை அங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்தால் மறந்துபோகும்.

குழித்துறை_வாவுபலி:

கூட்டத்தில் வசனம் அறிவிக்கும்போது எண்ணோடு முதல் இரண்டு சொல்லையும் சொல்லச் சொல்லுங்கள். "5:7, பரலோகத்திலே" என்றால் மலையாளக்காரர் உடனே "இங்கே இல்லையே" என்று கை தூக்குவார். அங்கே நிறுத்தி ஏட்டுக்கட்டு அண்ணன் சொன்னதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, 9ஆம் வசனத்துக்குப் போய்விடலாம்.