மிலான் கலேரியா: நாலு மணி நேரம் போதுமா?

பூவரசு கேட்டது:
காலை ஏழு மணிக்கு மிலானோ சென்ட்ரலேயில் இறங்குகிறோம், அடுத்த ரயில் மதியம். அம்மா கூட வருகிறார், அதிகம் நடக்க முடியாது, சுத்த சைவம். கலேரியா விட்டோரியோ இமானுவேலே என்ற கண்ணாடிக்கூரைக் கடைவீதியை மட்டும் பார்த்தால் போதும். எப்படிப் போவது, உள்ளே எதைப் பார்ப்பது? காபி கொள்ளை விலை என்கிறார்களே?

வழித்துணை:
பெட்டிகளை சென்ட்ரலே காப்பறையிலேயே விட்டுடுங்க. கீழே மெட்ரோவில் மஞ்சள் கோடு எம்3, சான் டொனாத்தோ பக்கம் போற வண்டி, நாலாவது நிறுத்தம் துவோமோ, அதாவது பேராலயம். உங்க வங்கி அட்டையையே வாயிலில் தொட்டுப் போகலாம், ஆனா வெளியே வரும்போதும் அதே அட்டையைத் தொடணும். ஒரே அட்டையில் ரெண்டு பேர் போகப் பார்க்காதீங்க. அம்மாவுக்கு இயந்திரத்தில் 2.20 யூரோ சீட்டு எடுங்க, 90 நிமிஷம் செல்லும். மேலே சதுக்கத்தில் கையில் கயிறு கட்ட வருவாங்க, புறாவுக்குப் போட சோளத்தைத் திணிப்பாங்க. கையை நீட்டினா காசு கேட்பாங்க, நிற்காம நடங்க.

கல்தச்சன்:
கலேரியாவுக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. எட்டு மணிக்குள் போனால் தரை காலியாக இருக்கும், அதுதான் முக்கியம். நடு எண்கோணத்தில் முதலில் கீழே, தரையில் பதித்த மொசைக் சின்னங்களைப் பாருங்கள். மையத்தில் சிவப்பில் வெள்ளைச் சிலுவை, இத்தாலியை ஆண்ட சவோய் அரச குடும்பச் சின்னம். வெள்ளையில் சிவப்புச் சிலுவைதான் மிலான். பலரும் மாற்றிச் சொல்வார்கள். மற்றவை டுரினின் காளை, ஃபிளாரன்ஸின் அல்லி, ரோமின் பெண் ஓநாய். 1861க்குப் பிறகு இத்தாலிக்கு அடுத்தடுத்துத் தலைநகரான ஊர்கள். காளையின் விதைப்பையில் குதிகாலை ஊன்றி மூன்று சுற்று சுற்றினால் அதிர்ஷ்டமாம். அந்த இடத்தில் மட்டும் மொசைக் கல் தேய்ந்து குழியாகிவிடும், திரும்பத் திரும்பப் பதிக்கிறார்கள். பாவம் காளை.

பிறகு அண்ணாந்து பாருங்கள். கண்ணாடிக் குவிமாடம் சுமார் 47 மீட்டர் உயரம். 1865இல் தொடங்கி 1867இல் திறந்தார்கள். துவோமோ பக்க வளைவு 1877 வரை இழுத்தது. அது முடியும் தறுவாயில் கட்டடக் கலைஞர் ஜுசெப்பே மெங்கோனி அங்கிருந்தே விழுந்து இறந்தார். கண்ணாடி பழையதல்ல, 1943 குண்டுவீச்சில் கூரை நொறுங்கியது. கடைப் பலகைகள் எல்லாம் கறுப்பில் தங்க எழுத்தாக இருப்பது கட்டடத்துக்குச் சொந்தக்காரரான நகராட்சியின் விதி.

ஏலக்காய்:
காபி விலை நிற்பதா உட்கார்வதா என்பதைப் பொறுத்தது. கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் பல மடங்கு. பல பார்களில் (அங்கே காபிக்கடைக்கும் பார் என்றுதான் பெயர்) முதலில் காசா என்ற கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கவுண்டரில் காட்ட வேண்டும். அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டுமென்றால் மேசை விலைதான். மெனுவில் 'கோப்பெர்த்தோ' இருந்தால் அது தலைக்கு இவ்வளவு என்று தனியாகச் சேரும்.

சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. மஞ்சளாக, பொங்கல் மாதிரி வரும் ரிசொத்தோ அல்லா மிலானேசேயில் குங்குமப்பூ மட்டும் தெரியும். சமைப்பது இறைச்சிச் சாற்றில், மாட்டெலும்பு மஜ்ஜையும் சேர்ப்பார்கள். பார்மிஜானோ, கிரானா பதானோ சீஸ்களிலும் கன்றுக்குட்டி இரைப்பை நொதி உண்டு.

பூவரசு:
சீஸ் விஷயம் தெரியாது, நன்றி. கழிப்பறை?

வழித்துணை:
பக்கத்தில் ரினாசென்தே கடை, லிஃப்ட் உண்டு. ஆனா கடை திறந்த பிறகுதான். சென்ட்ரலேயிலேயே போய்ட்டு வந்துடுங்க.