தென்னாப்பிரிக்காவில் வராத பணத்துக்கு வரி கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அச்சகம், சாட்ஸ்வொர்த்:

2021 மே மாதம் ஒரு மரச்சாமான் கடைக்குப் பெயர்ப்பலகையும் விலைப்பட்டியல்களும் செய்து கொடுத்தேன். பில் 46,000 ராண்ட். அதில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) மட்டும் 6,000. முப்பது நாளில் பணம் என்று பேச்சு. ஜூலை இரண்டாவது வாரம் டர்பன் பக்கம் நடந்த கலவரமும் கொள்ளையும் உங்களுக்கே தெரியும். அந்தக் கடையும் தப்பவில்லை. ஷட்டரைப் பெயர்த்துக் கட்டில், மெத்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மாட்டிய பலகை கரி படிந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதே மாதக் கடைசியில் எனக்கு வாட் கெடு. எங்களுடையது கம்பெனி. பில் போட்ட தேதியை வைத்துத்தான் வாட் காட்ட வேண்டும், பணம் வந்ததா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. மே, ஜூன் இரண்டு மாதத்துக்குமான ரிட்டர்னில் (வரிக் கணக்குத் தாக்கலில்) அந்த 6,000 ராண்டும் இருந்தது. கெடு தப்பினால் பத்து விழுக்காடு அபராதம். கைக்காசைப் போட்டுக் கட்டினேன். பேப்பர் வாங்க வைத்திருந்த பணம் அது.

கடைக்காரரிடம் போய் நிற்க மனம் வரவில்லை. ஒரே தெருவில் இருக்கிறோம், அவர் பிள்ளையும் என் பிள்ளையும் ஒன்றாகப் படிக்கிறார்கள். கணக்காளர் அம்மா ஒவ்வொரு பிப்ரவரியும் "இந்தப் பில்லை என்ன செய்யலாம்?" என்று கேட்பார். "வந்துவிடும் அம்மா" என்பேன். இனி வராது என்று போக்கெழுதினால் அந்த மனிதரையே கைவிட்டது போல எனக்குப் பட்டது.

2024 பிப்ரவரியில் கணக்காளர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். வாராக்கடன் என்று ஏட்டில் எழுதுவது என் கணக்குக்காக. கடைக்காரர் எனக்குத் தர வேண்டியது அதனால் ஒரு சென்ட்கூடக் குறையாது. எழுதினால் இரண்டு பலன். ஒன்று, வாட் சட்டம் 22ஆம் பிரிவின்படி நான் முன்பே கட்டிய 6,000 ராண்டைத் திரும்பக் கேட்கலாம். ரிட்டர்னில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது, 17ஆவது. இரண்டு, வாட் போக மிச்சம் 40,000 ராண்டை வருமான வரியில் செலவாகக் கழிக்கலாம். 27 விழுக்காடு கட்டும் கம்பெனி என்றால் 10,800 ராண்ட் வரி குறையும்.

எனக்கு உறுத்தியது அடுத்து அந்த அம்மா சொன்னதுதான். கடன் செத்துவிட்டது என்று முடிவு கட்டாமலே முந்தைய வருடங்களில் ஒரு பங்கைக் கழித்திருக்கலாமாம். ஐயக்கடன் என்று அதற்குத் தனி ஏற்பாடு. கெடு தாண்டி 60 நாள் ஆனால் 25 விழுக்காடு, 120 நாள் ஆனால் 40 விழுக்காடு. 2019இலிருந்து இந்தக் கணக்கு. என் 40,000 ராண்டில் 16,000. அடுத்த வருடம் அதை வருமானத்தில் திரும்பச் சேர்த்துவிட்டு, அன்றைய நிலைமைக்குத் தக்கபடி மறுபடி கழித்துக்கொள்ள வேண்டும். கலவரத்துக்குப் பிறகு எங்களுக்குக் கழுத்தை நெரித்த அந்த வருடத்தில் இது எவ்வளவு மூச்சுவிட வைத்திருக்கும்! நான் நம்பிக்கை என்று நினைத்து அதை விட்டுவிட்டேன்.

போக்கெழுதி வாட்டைத் திரும்பக் கேட்டதும் சார்ஸ் என்னும் வரித்துறையிலிருந்து சரிபார்ப்புக் கடிதம் வந்தது. பில்லின் நகல், வாட் கட்டிய பழைய ரிட்டர்ன், நான் அனுப்பிய நினைவூட்டல்கள், போக்கெழுதிய பதிவு, நிலுவைப் பட்டியல் எல்லாவற்றையும் சார்ஸின் இ-ஃபைலிங் தளத்தில் ஏற்றினோம். நினைவூட்டல்தான் என்னிடம் குறைவாக இருந்தது. வாட்ஸ்அப்பில் "அண்ணா, கொஞ்சம் பாருங்கள்" என்று நாலு செய்தி. நல்ல வேளையாக அவற்றை அழிக்கவில்லை. கணக்காளர் முறைப்படி ஒரு கேட்புக் கடிதமும் அனுப்பியிருந்தார்.

உங்களில் யாருக்கு இப்படி நடந்தது? எழுதுங்கள்.

மின்வேலை, ஃபீனிக்ஸ்:

அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எங்கள் குடும்பம் இங்கே நாலு தலைமுறை. கோவில் வகுப்பில் படித்த தமிழ்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்பெனி வைக்கவில்லை, என் சொந்தப் பெயரில் தொழில். வருட விற்பனை 25 லட்சம் ராண்டுக்குள் இருக்கும் தனிமனிதர் சார்ஸில் விண்ணப்பித்துப் பணம் வந்த பிறகு வாட் கட்டும் முறைக்குப் போகலாம். அப்படித்தான் இருக்கிறேன். பணம் வராத பில்லுக்கு வாட் கிடையாது. அதே போல நான் கேபிள் கடைக்குப் பணம் கொடுத்த பிறகுதான் அந்த வாட்டைக் கழிக்க முடியும். இந்த வழி கம்பெனிகளுக்கு இல்லை, அதனால் உங்களுக்கு உதவாது.

ஆனால் இதிலும் ஒருவர் விழலாம், நான் விழுந்தேன். 2019இல் ஒரு வீட்டுக்கு வயரிங் முழுவதும் மாற்றிக் கொடுத்தேன். 11,500 ராண்ட் வரவே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று 17ஆம் கட்டத்தில் 1,500 ராண்ட் போட்டுவிட்டேன். சரிபார்ப்பில் ஒரே கேள்வி: இந்த வாட்டை எந்த ரிட்டர்னில் கட்டினீர்கள்? கட்டவே இல்லையே. கட்டாததை எப்படித் திரும்பக் கேட்பது? 1,500 ராண்டும் வட்டியும் கட்டினேன். என் முறையில் இருப்பவர்கள் தயவுசெய்து அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

சமையல் ஒப்பந்தம், டொங்காட்:

எல்லாரும் பணம் வராத பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் கொடுக்க முடியாத பக்கத்தில் நின்றவள். அதையும் சொல்ல வேண்டும்.

2022 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு எடுத்தேன். 57,500 ராண்ட் பில். (அரிசி, பருப்பு, காய்கறிக்கு வாட் பூஜ்யம், அதனால் எங்கள் தொழிலில் வாட் கழிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி வாடகையில்தான்.) அந்த 7,500 ராண்டை உடனே ரிட்டர்னில் கழித்துக்கொண்டேன். வாடகைக்காரருக்கு ஏப்ரலில் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

ஏப்ரலில் வெள்ளம். எங்கள் ஊர் நீர்ச்சுத்திகரிப்பு நிலையமே போய்விட்டது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் ஐந்நூறு பேருக்குச் சமைப்பது எப்படி? டேங்கர் லாரி பின்னால் குடத்தோடு வரிசையில் நின்ற நாட்கள் அவை. பிடித்துவைத்த கல்யாணம் எல்லாம் கைவிட்டுப் போனது. வாடகைக்காரர் தம்பி மாதிரி, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

வருடம் திரும்பியதும் கணக்கு எழுதுபவர் கூப்பிட்டார். வாட்டைக் கழித்துக்கொண்ட பில்லுக்கு, கழித்த ரிட்டர்ன் காலம் முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பணம் கொடுக்கவில்லை என்றால், கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். வாடகைக்காரர் தன் பக்கம் போக்கெழுதினாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை. 7,500 ராண்ட். அப்போதுதான் மெல்ல எழுந்து நின்றுகொண்டிருந்தோம். நகையை வைத்துத்தான் கட்டினேன்.

2023 செப்டம்பரில் வாடகைப் பாக்கி முழுவதையும் கொடுத்து முடித்தேன். கொடுத்ததும் அந்த 7,500 ராண்டை மறுபடி கழித்துக்கொள்ள முடிந்தது. இது பலருக்குத் தெரியவில்லை. திருப்பிக் கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள், பிறகு கடனை அடைத்தாலும் கேட்பதில்லை. கடன் பட்டவர்கள் அந்த முதல் ரிட்டர்னைப் பத்திரமாக வைத்திருங்கள், பன்னிரண்டு மாதத்தை அதிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

வன்பொருள் கடை, லெனேசியா:

என்னுடையது சின்ன அனுபவம். 2016இல் மாமாவிடமிருந்து கடையை வாங்கினேன், அவர் கடன் நோட்டையும் சேர்த்து. நோட்டில் 80,000 ராண்ட் பாக்கி இருந்தது, அதற்கும் விலை கொடுத்தேன். 35,000 ராண்ட் கடைசிவரை வரவில்லை. வாராக்கடனாகக் கழிக்கலாம் என்றிருந்தேன். முடியாது என்றார் வரி ஆலோசகர். அந்த விற்பனை மாமாவின் வருமானமாக வரிக்குப் போனது, என் வருமானத்தில் ஒருநாளும் சேரவில்லை. என் வருமானத்தில் சேர்ந்த கடன் மட்டுமே எனக்கு வாராக்கடன். கடைக் கணக்கிலிருந்து சிநேகிதருக்குக் கைமாற்றாகக் கொடுத்த 10,000 ராண்டுக்கும் அதே பதில். கடை வாங்குகிறவர்கள் கடன் நோட்டைத் தனியாகப் பிரித்து விலை பேசுங்கள்.

தையல், இசிபிங்கோ:

நான் வாட்டில் பதிவு செய்யும் அளவுக்கு விற்பவள் இல்லை. பரதநாட்டிய உடை பதினாலு செட் தைத்துக் கொடுத்தேன், 18,400 ராண்ட். அரங்கேற்றம் முடிந்தது, பணம் வரவில்லை. ஃபோனை எடுக்கவில்லை.

பதிவுத் தபாலில் பதினாலு நாள் கெடு வைத்துக் கேட்புக் கடிதம் அனுப்பினேன். பிறகு சிறு வழக்கு மன்றத்துக்குப் போனேன். 2019 ஏப்ரலிலிருந்து 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம். வக்கீல் வைக்கக் கூடாது, நாமே பேச வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. அளவு எழுதிய நோட்டையும், உடை போட்ட பிள்ளைகளின் படங்களையும் மேசையில் வைத்தேன். மூன்று தவணையில் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, கொடுத்தார்கள்.

சாட்ஸ்வொர்த் அண்ணா, கம்பெனி அங்கே வழக்குப் போட முடியாது, தனிமனிதர் மட்டும்தான். உங்கள் தொகையும் பெரிது. ஆனால் மூன்று வருடக் கெடு உங்களுக்கும் உண்டு. கெடு நாளிலிருந்து மூன்று வருடம் சும்மா இருந்தால் கடனே காலாவதி ஆகிவிடும். உங்கள் பில்லுக்கு 2024 ஜூனோடு முடியுமே. ஏதாவது செய்தீர்களா?

அச்சகம், சாட்ஸ்வொர்த்:

அக்கா, கேட்டதற்கு நன்றி. செய்தேன்.

போக்கெழுதிய பிறகு ஏனோ அவரிடம் பேச எளிதாகிவிட்டது. அதுவரை பார்த்தாலே வேறு பக்கம் திரும்புவோம், இரண்டு பேருமே. மார்ச்சில் ஒரு ஞாயிறு அவர் வீட்டுக்கே போனேன். தேநீர் வந்தது. நானாக வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்: "உங்கள் கணக்குதான் எனக்குத் தூக்கம் வராத கணக்கு." மறு வாரம் பாதி, 23,000 ராண்ட், வங்கியில் போட்டார். மிச்சத்துக்குக் கடன் ஒப்புகைக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடன் பட்டவர் ஒப்புக்கொண்டால் மூன்று வருடம் அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

வந்த 23,000 ராண்டில் 3,000 வாட். சார்ஸிடம் திரும்ப வாங்கியதில் அந்தப் பங்கை அடுத்த ரிட்டர்னில் கட்டினேன். மிச்சம் 20,000 இந்த வருட வருமானத்தில் சேர்கிறது. கட்டும்போது மனதில் பாரமே இல்லை, ஏனென்றால் இந்த முறை பணம் என் கையில் இருந்தது.

பழைய பலகையை அவர் இன்னும் கழற்றவில்லை. கடையைச் சின்னதாக மறுபடி திறக்கப் போகிறாராம், புதிய பலகைக்கு விலை கேட்டிருக்கிறார். பாதிப் பணம் முன்னால் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். சரி என்று பதில் வந்துவிட்டது.