வெண்ணாற்றங்கரைக் குடும்பம்: குழுவில் ஒரு மீன் பஞ்சாயத்து

கவிதா (கும்பகோணம்): [படம்]
குமார் சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கள். பாசி தின்னும் என்று சொல்லிக் கடையில் நித்தினுக்கு இரண்டு மீன் குஞ்சு கொடுத்தார்கள். வாங்கும்போது இரண்டும் ஒரே கறுப்பு. இன்று காலையில் ஒன்று வெளுத்துப் போய், பட்டை பட்டையாகத் தெரிகிறது. நோயா?

ராஜேந்திரன் பெரியப்பா: ஒரு கை உப்பு போடும்மா. மீனுக்கு அதுதான் மருந்து.

குமார் (மன்னார்குடி): அண்ணே, உப்பு வேண்டாம். இந்த இனத்துக்கு அது அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. கவிதா, வெளுத்த மீன் இரை எடுக்கிறதா? செவுள் வேகமாக அடிக்கிறதா?

கவிதா: ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கண்ணாடி முழுக்க மேய்கிறது. செவுள் சாதாரணமாகத்தான் இருக்கிறது. பகலில் பம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

குமார்: அப்படியென்றால் நோய் இல்லை. இந்தத் தென் அமெரிக்கக் கெளுத்திகளுக்கு நிறம் ஒரே நாளில்கூட மாறும். இருட்டில் வெளுக்கும், பயந்தால் வெளுக்கும், வெள்ளை மணலில் விட்டால் வெளுக்கும், கறுப்பு மணலில் விட்டால் கறுக்கும். வயதோடு வரும் மாற்றம் தனி. நிறத்தை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது.

எனக்கு வேறு சந்தேகம். இரண்டும் ஒரே ரகமாகத் தெரியவில்லை. முதுகுத் துடுப்பை விரித்திருக்கும்போது ஒரு படம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றுப் பக்கம் ஒரு படம். இரண்டு மீனுக்கும் எடுத்து அனுப்பு.

மாலா அத்தை: கடைக்காரன் ஒரே தொட்டியிலிருந்துதானே பிடித்துக் கொடுத்திருப்பான்?

குமார்: அங்கேதான் அக்கா வம்பே. சென்னை கொளத்தூரிலிருந்து கவரில் வந்து இறங்கும் குஞ்சுகளை இரண்டு மூன்று ரகம் ஒன்றாகக் கொட்டிவிடுவார்கள். அந்த அளவில் எல்லாம் கறுப்பாக, உறிஞ்சும் வாயோடு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

செல்வம் (தஞ்சாவூர்): சித்தப்பா, அப்படியே என்னுடையதையும் பாருங்கள். [படம்] வாங்கும்போது வால் கண்ணாடி மாதிரி வெளிறி இருந்தது, இப்போது ஆரஞ்சு ஏறுகிறது. சூப்பராக இருக்கிறது.

குமார்: உன்னுடையதற்கு அப்புறம் வருகிறேன். அது பெரிய கதை.

கவிதா: [படம்] [படம்] [படம்] [படம்]
நித்தின் கைபேசியை ஆட்டி ஆட்டி எடுத்தான், மன்னிக்கவும். மூன்றாவதுதான் தெளிவு.

குமார்: போதும், தெரிகிறது. முதுகுத் துடுப்பின் முன்னால் தடித்த முள் ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்னால் துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சி போன்ற கதிர்களை நித்தினை எண்ணச் சொல்.

கவிதா: வெளுத்த மீனுக்கு 11 அல்லது 12 என்கிறான். கறுப்புக்கு 7.

குமார்: அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. கறுப்பு மீன் பிரிஸ்டில்நோஸ், ஆன்சிஸ்ட்ரஸ் இனம். வாலின் மேல் நுனியில் வெளிர் ஓரம் தெரிகிறது பார், உடம்பில் சின்னச் சின்ன வெளிர்ப் புள்ளி. குஞ்சில் அப்படித்தான் இருக்கும், வளர வளர ஓரம் மங்கிவிடும். ஆணாக இருந்தால் பிறகு மூக்கின் மேல் மீசை போலக் கொம்பு முளைக்கும். பெண்ணுக்கு ஓரத்தில் மட்டும் சிறு முனைகள், சிலவற்றுக்கு அதுவும் இருக்காது. 12 முதல் 15 செ.மீ., அதற்கு மேல் போகாது. வீட்டுக்கு ஏற்ற மீன்.

வெளுத்தது டெரிகோப்ளிக்திஸ். கடைகளில் சக்கர், டேங்க் கிளீனர் என்று விற்பது பெரும்பாலும் இதுதான். 40 செ.மீ. தாண்டும். 7 கதிர் உள்ள ஹைப்போஸ்டோமஸ் என்றும் பெரிதாக வளரும் ரகம் ஒன்று உண்டு, ஆனால் நித்தினின் கறுப்பு மீனுக்கு அந்தத் தலை இல்லை. வயிற்றுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்: டெரிகோவின் வயிற்றில் கறுப்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிவது போலக் கோடாகத் தொடங்கியிருக்கிறது. உடம்பின் மேல் நிறம் நாளுக்கு நாள் ஏமாற்றும், வயிற்றுக் கோலம் அவ்வளவாக ஏமாற்றாது.

நித்தின் (அம்மா போனிலிருந்து): தாத்தா, பெரிய மீனின் கண்ணுக்குள் ஏதோ தொங்குகிறது. அடிபட்டிருக்கிறதா?

குமார்: அடடா, நல்ல கண் உனக்கு! அது அடி இல்லை. கண்பாவைக்கு மேல் ஒரு சின்ன மடல் இருக்கிறது. வெளிச்சம் கூடினால் அது கீழே இறங்கிப் பாவையைப் பிறை மாதிரி ஆக்கிவிடும். இருட்டில் சுருங்கி மேலே போய்விடும். டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார், வட்டமாகிவிடும். அடிக்கடி அடித்துப் பார்க்காதே, மீனுக்குத் தொந்தரவு.

செல்வம்: அப்போ நிறம் மாறுவது எல்லா ரகத்துக்கும் உண்டா?

குமார்: சிலது இதைவிடப் பெரிய நாடகம் போடும். பிரேசிலில் டொக்கான்டின்ஸ் ஆற்று அடோனிஸ் என்று ஒன்று. குஞ்சு முழுக்க கறுப்பு, மேலே வெள்ளைப் பொட்டு, பார்த்தவன் மயங்கி வாங்குவான். வளர வளரப் பொட்டு ஒவ்வொன்றாக மறைந்து கடைசியில் வெறும் கறுப்பு. ஒரு மீட்டர் வரை போகிறது என்கிறார்கள். சிங்கு ஆற்றில் கோல்டு நகட் என்று இன்னொன்று: குஞ்சில் பெரிய மஞ்சள் பொட்டு, வளர்ந்தால் பொட்டு சின்னதாகி எண்ணிக்கை கூடிவிடும். 1988 முதல் ஜெர்மன் மீன் பத்திரிகையில் இந்தக் கெளுத்திகளுக்கு எல் எண், அதாவது எல் என்ற எழுத்தோடு ஓர் அடையாள எண், போடும் வழக்கம் தொடங்கியது. அதில் இந்த ஒரே மீனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்! 2011-இல்தான் பாரியான்சிஸ்ட்ரஸ் சாந்தெல்லஸ் என்று ஒரே பெயர் வைத்தார்கள். படித்தவர்களே திண்டாடியிருக்கிறார்கள், கடைப்பையனைச் சொல்லி என்ன?

ராஜேந்திரன் பெரியப்பா: இது என்ன, போன தை மாதம் நம்ம ஊர்க் குளத்தில் குத்தகைக்காரர் வலையில் வந்ததே, அதுவா? உடம்பெல்லாம் ஓடு. முள் வலையில் மாட்டிக்கொண்டு எடுக்கவே முடியவில்லை. கத்தரித்துத்தான் எடுத்தார்கள். அதற்கு விலையும் இல்லை.

குமார்: அதேதான் அண்ணே. யாரோ தொட்டியில் வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுபோய்க் குளத்தில் விட்டது. இது இரைப்பையால் காற்றையே உறிஞ்சி வாழும். தண்ணீர் வற்றிச் சேறானாலும் சாகாது, ஈரம் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். அதைவிட மோசம், முட்டையிடக் கரையைக் குடைகிறது. நண்டு வளை மாதிரிதான், ஆனால் ஒரு மீட்டருக்கு மேல்கூட உள்ளே போகும். ஆண் உள்ளே இருந்து முட்டையைக் காக்கும். மெக்சிகோவிலும் ஃப்ளோரிடாவிலும் இதனால் கரை சரிகிறது. நம் வாய்க்கால் கரை எல்லாம் மண் கரை. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் வேகத்தில் குடைந்த கரை என்ன ஆகும்?

ராஜேந்திரன் பெரியப்பா: கடைமடைக்குத் தண்ணீர் வருவதே பெரும்பாடு. இதில் இது வேறயா.

செல்வம்: சித்தப்பா, என்னுடையது...

குமார்: வருகிறேன்டா. உன்னுடையது ரெட்டெய்ல், சிவப்பு வால் கெளுத்தி. முதுகு கறுப்பு, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை, தலையில் சின்னக் கறுப்புப் புள்ளிகள், மூன்று ஜோடி மீசை. அடையாளத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. வால் இன்னும் சிவக்கும், அழகாகவே இருக்கும். அமேசான், ஒரினோக்கோ ஆறுகளின் மீன். அங்கே ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், எடை 40 கிலோவுக்கு மேல் போகும். உன் தொட்டி எத்தனை அடி?

செல்வம்: மூணு.

மாலா அத்தை: அடப்பாவி.

செல்வம்: கடையில், தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்று சொன்னார்கள்.

குமார்: எல்லாக் கடையிலும் அதைச் சொல்கிறார்கள். வளராது என்றால் கூனிப் போய்ச் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நன்றாகத் தின்றால் ஒரு வருடத்தில் அடிக்கணக்கில் ஏறிவிடும். வாயில் எது நுழைகிறதோ அதை விழுங்கும்: கூட இருக்கும் மீன், கூழாங்கல், எல்லாம். அதனால் இப்போதே தொட்டியில் உள்ள சின்னக் கல்லை எடுத்துவிடு. இரை தினமும் வேண்டாம். கோழி ஈரல் வேண்டவே வேண்டாம், கொழுப்பு. தோல் உரித்த இறால், மீன் துண்டு, மூழ்கும் தீவனம் போதும். வைத்துக்கொள்ள நினைத்தால் வீட்டுத் தொட்டி கணக்கே இல்லை, சிமென்ட் குளம் வேண்டும். இல்லையென்றால் கை அளவில் இருக்கும்போதே கடையில் திருப்பிக் கொடு. பெரிதான பிறகு எந்தக் கடையும் வாங்காது.

அப்பாயி: (அப்பாயி சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன் — ராஜேந்திரன்) 40 கிலோ என்றால் ஊருக்கே குழம்பு வைக்கலாமே, ஏன் திருப்பிக் கொடுக்கிறீர்கள்?

செல்வம்: அப்பாயி!!

கவிதா: சித்தப்பா, என் இரண்டுக்கும் சாப்பாடு சொல்லுங்கள். பாசி தின்கிறது என்று வேறு எதுவும் போடவில்லை.

குமார்: முதலில் வயிற்றைப் பார். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வாய்க்குக் கீழே வயிறு உள்வாங்கிக் குழி விழுந்திருந்தால் பட்டினி. அனுப்பிய படத்தில் பிரிஸ்டில்நோஸுக்கு லேசாகக் குழி இருக்கிறது. கடையிலிருந்து வரும் குஞ்சு பாதி சாவது இதனால்தான், நிறம் மாறியதால் இல்லை.

பீர்க்கங்காய், வெள்ளரி, பூசணி எது இருந்தாலும் ஒரு துண்டு. லேசாக வேகவைத்து, ஸ்பூனில் குத்தி அடியில் நிற்கும்படி ராத்திரி போடு. காலையில் மிச்சத்தை எடுத்துவிடு, இல்லாவிட்டால் தண்ணீர் நாறும். கூடவே மூழ்கும் வில்லைத் தீவனம் பாதி. இது சுத்தம் செய்யும் மீன் என்ற பேச்சை மற. தின்பதைவிட அது போடும் கழிவு உனக்கு வேலை வைக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்று. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்று, குளோரின் போகட்டும். ஒளிந்துகொள்ளக் கொட்டாங்கச்சி நன்றாகக் கொதிக்க வைத்துப் போடு. வேப்பங்கட்டை மட்டும் வேண்டாம்.

மாலா அத்தை: சித்திரை வெயிலில் தண்ணீர் கொதிக்குமே?

குமார்: 24 முதல் 28 டிகிரி இதற்குச் சுகம். 30 தாண்டினால் தண்ணீரில் காற்று குறையும். கரண்ட் போகும் நேரத்தில்தான் ஆபத்து. பேட்டரி ஏர் பம்பு ஒன்று வாங்கி வை, மீன் மேலே வந்து வந்து வாய் வைத்தால் உடனே போடு.

கவிதா: அப்போ டெரிகோவை என்ன செய்வது? நித்தின் அதற்குத்தான் பெயர் வைத்திருக்கிறான், ராஜா.

குமார்: ராஜா என் மாடித் தொட்டிக்கு வரட்டும். அங்கே இடம் இருக்கிறது. அவன் எப்போது வந்தாலும் பார்க்கலாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருகிறீர்களே. கவரில் மட்டும் கட்டாதே, துடுப்பு முள் கிழித்துவிடும், பஸ் முழுக்கத் தண்ணீர். மூடி போட்ட வாளியில் பாதி தண்ணீர் போதும். முந்தின நாள் இரை போடாதே. பிடிக்கும்போது வலை வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவால் அள்ளு.

கவிதா: மூடி போட்ட வாளி வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. அது அப்பாயி கொடுத்த மாவு வாளி.

அப்பாயி: (சொல்லச் சொல்ல) என் வாளியைத் தொட்டீர்கள் என்றால் பாருங்கள்.

குமார்: நான் இங்கிருந்தே ஒன்று கொடுத்தனுப்புகிறேன்.